காக்காவைக் காட்டிவிட்டுப் போனேன்

அந்த வீட்டுக்கு நான் போன முதல் நாள், பொழுது அடையும் நேரம். ஒன்பது மாசப் பிள்ளையை ஓர் அறையில் தனியாகப் படுக்க வைத்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினாள் பெற்ற தாய். பிள்ளை உள்ளே கத்துகிறது. அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறாள். தடவுகிற கை நடுங்கவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இது எழுபதுகளில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த காலத்தில் நடந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வருவதற்குக் கடலடியில் மண் வார வேண்டும் என்றார்கள். மண் வாருகிற கப்பலோடு ஒல்லாந்து தேசத்திலிருந்து ஒரு என்ஜினியர் வந்திருந்தார். கூடவே பெண்டாட்டி, ஒரே ஆண்பிள்ளை. உப்பளங்களைத் தாண்டித் துறைமுகத்துப் பக்கம் ஒரு பங்களாவில் இருந்தார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் கேட்டிருக்கிறார்கள். சாமியார் என்னைச் சொன்னார்.

நான் இன்னொருத்தர் வீட்டுக்கு வேலைக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. எங்கள் ஆண்கள் முத்துக் குளித்தவர்கள், அது நின்ற பிறகு சங்கு குளித்தவர்கள். அந்த வருஷம் என் வீட்டுக்காரருக்குக் காதில் சீழ் வைத்து, தண்ணீருக்குள் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் போனேன். அப்போதும் சாமியாரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "சாமி, நான் பாத்திரம் கழுவமாட்டேன், தரை துடைக்கமாட்டேன். பிள்ளையைப் பாக்கச் சொன்னா பாப்பேன்." பிள்ளை வளர்ப்பைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். என் வீட்டிலும் அதே வயதில் ஒரு பெண்பிள்ளை இருந்தது.

அந்தப் பங்களாவின் குசினியில் ஒரு சமையல்காரர் இருந்தார். தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர்க்காரர், வயசாளி. இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். துரைசானி பேசுவதை எனக்கும், நான் பேசுவதைத் துரைசானிக்கும் மாற்றிச் சொல்வது அவர்தான். அன்றைக்கு நான் குசினிக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, பிள்ளை கத்துது, கதவைச் சாத்திட்டாவ!"

"ஆமா, சாத்துவாவ."

"எதுக்கு?"

"தூங்குறதுக்கு."

"இப்படிக் கத்துற பிள்ளை எங்கன தூங்கும்?"

"கத்திட்டுத் தூங்கும். நீ இன்னைக்குத்தான் பாக்க. நான் தினம் பாக்கேன். வந்த புதுசுல எனக்கும் சோறு இறங்கல. இப்ப அது அழுகை நின்னாத்தான் உலை வைக்க நேரமாச்சுன்னு தெரியுது."

விளக்கு வைத்த பிறகு அந்தக் கதவை யாரும் திறக்கக்கூடாதாம். பிள்ளை தானாகத் தூங்கப் பழக வேண்டுமாம். அப்போதுதான் பெரியவனாகி தன் காலில் நிற்பானாம்.

"ஒம்பது மாசத்துலயா அண்ணாச்சி தன் கால்ல நிக்கணும்?"

"என்னைக் கேட்டா? எம் பொஞ்சாதி ஊர்ல இருக்கா, நான் இங்கன கிடக்கேன். எனக்கே தனியா தூக்கம் வரமாட்டேங்கு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி பஸ்ஸில் வீடு வந்து சேருகிறவரை அந்தக் கத்தல் காதில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் தூங்குகிற என் மகளை எழுப்பி மடியில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் தெருவில் பிள்ளை முதுகு தரையில் படாது. என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே முற்றம். அவளுக்கு ஒன்றரை வயதில் பையன், இன்னும் பால் மறக்காதவன். நான் குழாயடிக்குப் போனால் என் மகளுக்கு அவள் பால் கொடுப்பாள். அவள் கடற்கரைக்கு மீன் எடுக்கப் போனால் அவள் மகனுக்கு நான் கொடுப்பேன். அது போக எதிர்வீடு, பக்கத்துவீடு, பூசைக்குப் போகிறவள், உப்பு கொண்டுவருகிறவள், யாராக இருந்தாலும் பிள்ளையை வாங்குவாள், கொஞ்சுவாள், இடுப்பு மாற்றுவாள். காலையில் என் இடுப்பை விட்டுப் போன பிள்ளை மத்தியானம் திரும்பி வரும்போது நாலு வீட்டுப் பவுடர் வாசம் அடிக்கும்.

பிள்ளையை விட்டுவிட்டு வெளியே போவதற்கும் எங்களுக்கு ஒரு வழி உண்டு. பிள்ளையின் கண் காணப் போகக்கூடாது. போனால் ஏங்கிப்போகும். ஏங்கிப்போன பிள்ளை சாப்பிடாது, மெலியும், காய்ச்சல் காணும். அதனால் ஒருத்தி பிள்ளையை வாங்கிக்கொண்டு, "அந்தா பாரு காக்கா, காக்கா" என்று மதில் பக்கம் காட்டுவாள். பிள்ளை காக்காவைத் தேடும். அதற்குள் பெற்றவள் பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். எங்கள் அம்மாமார் எங்களிடமிருந்து போனதும் அப்படித்தான். நான் தினம் பங்களாவுக்குப் போனதும் அப்படித்தான். ராத்திரி திரும்பிவிடுவேன், பிள்ளை மேலே விழுந்து பால் குடிக்கும். யாரும் அதில் ஒரு குறை கண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம், துரைசானி எங்கள் தெருவுக்கு வந்தாள். நான் இருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சமையல்கார அண்ணாச்சியும் கூட வந்தார். அவள் முற்றத்துக்குள் வரும்போது என் மகள் அக்காவிடம் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு பிள்ளைன்னு கேக்காவ" என்றார் அண்ணாச்சி.

"எம் பிள்ளை" என்றாள் அக்கா.

"ஏன், எம் பிள்ளையுந்தான். நேத்து எம் மடியிலதான் மோண்டுச்சு" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"பெத்தது நான்" என்றேன்.

துரைசானி என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பிள்ளையின் வாயைப் பார்த்தாள். அவள் வெள்ளை முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் இறங்கிவிட்டது. கதவு சாத்தினபோது நான் எப்படி நின்றேனோ அப்படி நின்றாள். பிறகு மெதுவாக ஏதோ கேட்டாள். அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

"அப்போ தன் அம்மா யாருன்னு இந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்னு கேக்காவ."

தெருவே சிரித்தது. "பாலு எங்கன இருக்கோ அங்கன அம்மா!" என்றாள் ஒருத்தி. "எங்க பிள்ளையளுக்கு அம்மாவுக்கு ஒண்ணும் பஞ்சமில்லன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் இன்னொருத்தி. நானும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். கூறுகெட்ட கேள்வி என்றுதான் நினைத்தேன்.

அதற்கடுத்த மாசம் துரைசானிக்கு வயிற்றில் கோளாறு வந்து, மெட்ராஸில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று ஆகிவிட்டது. போனால் வர ரெண்டு வாரம் ஆகும். புருஷனுக்கு ராத்திரியெல்லாம் கப்பலில் வேலை. நான் பங்களாவிலேயே தங்க வேண்டும் என்று கேட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். என் மகளையும் கூட்டி வரலாமா என்று அண்ணாச்சியை விட்டுக் கேட்டேன். மகளுக்கு அப்போது சளி, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அது தன் பிள்ளைக்குத் தொற்றிவிடும், வேண்டாம் என்றாள். ஒரு தடவைக்கு மேல் நான் யாரிடமும் கேட்பதில்லை. சரி என்றேன். எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் தோன்றவும் இல்லை. பிள்ளை அக்காவிடம் இருக்கிறது, தெருவே இருக்கிறது. தூக்க ஆள் இல்லாமலா போய்விடும்?

போகிற நாள் விடிந்ததும் மகளுக்கு ரெண்டு பக்கமும் பால் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டாள். "அந்தா பாரு காக்கா." மகள் மதிலைப் பார்த்தாள். அன்றைக்கு நிஜமாகவே ஒரு காக்கா இருந்தது. கையை நீட்டி "கா" என்றாள். நான் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

அங்கே துரைசானி புறப்பட்டுக்கொண்டிருந்தாள். கார் வாசலில் நிற்கிறது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? பிள்ளைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, அதன் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பெரிய மனுஷனிடம் பேசுகிற மாதிரிப் பேசினாள். முத்தம் கொடுத்தாள். எழுந்து, பிள்ளை பார்க்கப் பார்க்க, நேரே நடந்து போய்க் காரில் ஏறினாள். பிள்ளை வீறிட்டது. தவழ்ந்து வாசற்படி வரைக்கும் போய்விட்டது. அவள் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினாள்.

"என்ன அண்ணாச்சி சொன்னாவ பிள்ளைகிட்ட?"

"அம்மா போறேன், திரும்பி வருவேன்னு."

"பச்சப்பிள்ளைகிட்ட சொல்லி அழ வச்சிட்டா போவாவ? நெஞ்சு கல்லா?"

"சொல்லாமப் போனா அது ஏமாத்துறதாம். முன்னால ஒருக்க எங்கிட்டச் சொல்லியிருக்காவ."

ஏமாத்துறது! அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

இவ்வளவு நாளும் நான் வெளியில் நின்ற கதவுக்கு உள்ளே இனி நான்தானே இருக்கப் போகிறேன், இந்தப் பிள்ளையைத் தனியாகப் போடமாட்டேன் என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். விளக்கு வைத்ததும் தூக்கித் தோளில் போட்டேன். பிள்ளை விறைத்துக்கொண்டது. பலகை மாதிரி. தட்டிக் கொடுத்தேன், பாடினேன், நடந்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கத்துகிறது. மடியில் போட்டால் நழுவுகிறது. சேலையில் தொட்டில் கட்டிப் போட்டேன், அதற்குள் போட்டதும் மூச்சு முட்டுகிறமாதிரி கையையும் காலையும் உதைக்கிறது. கடைசியில் என் கை ஓய்ந்துபோய் அதன் கம்பிக் கட்டிலிலேயே விட்டேன். ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்து, கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு, தூங்கிவிட்டது.

தோளில் சாயத் தெரியாத பிள்ளையை நான் அதுவரைக்கும் கண்டதில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பாவம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அதன் முகத்தில் பாவப்பட ஒன்றும் இல்லை. நிம்மதியாகத் தூங்கியது. அந்தக் கட்டில்தான் அதற்கு மடி. எனக்கு அது பயமாக இருந்தது.

நாலைந்து நாள் வாசலுக்குத் தவழ்ந்து போய் அழுதது. பிறகு அழவில்லை. கட்டைகளை வைத்து அடுக்கும், தள்ளும், மறுபடி அடுக்கும். என்னிடம் சோறு வாங்கிக்கொள்ளும், சிரிக்கும். அது அழும்போதெல்லாம் என் மார்பில் பால் ஊறி ரவிக்கை நனைந்தது. குளிக்கிற அறைக்குப் போய்ப் பீய்ச்சிக் கீழே விட்டேன். நாளாக ஆகப் பால் குறைந்தது. வீட்டுக்குப் போனதும் பிள்ளை குடித்தால் ஊறிவிடும் என்று இருந்தேன்.

துரைசானி திரும்பி வந்தாள். மெலிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். பிள்ளை தரையில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. பார்த்தது, தெரிந்துகொண்டது, அதில் சந்தேகமே இல்லை. பிறகு தலையைக் குனிந்து ஒரு கட்டையை எடுத்து இன்னொரு கட்டையின் மேல் வைத்தது.

அவள் பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

ரெண்டு வாரம் கழித்து வந்த தாயைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிற பிள்ளை! அவளாவது ஓடிப் போய் அள்ளி எடுப்பாள் என்று பார்த்தால், அதுவும் இல்லை. கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். தையல் போட்ட வயிற்றோடு உட்கார அவ்வளவு சிரமப்பட்டாள். கை நீட்டவில்லை, கூப்பிடவில்லை, சும்மா இருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்து பாவாடையில் சொட்டியது. அதைத் துடைக்கவும் இல்லை.

நான் அதற்கு மேல் நிற்கவில்லை. கதவைச் சாத்திச் சாத்தி வளர்த்தால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன். என் பிள்ளை என்னைக் கண்டதும் பறந்து வருவாள் என்று பஸ்ஸில் வரும்போதே எனக்கு மார்பு குறுகுறுத்தது. உப்பளத்து வெயிலில் கண் கூசியது. சிரித்துக்கொண்டே வந்தேன்.

அக்கா வாசலில் நின்றாள், மகள் அவள் இடுப்பில். என்னைக் கண்டதும் மகள் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு வீறிட்டாள். நான் ஓடிப் போய் வாங்கினேன். வாங்கினதும் வில் மாதிரி பின்னால் வளைந்தாள். முகத்தில் அடித்தாள். கன்னத்தைப் பிறாண்டினாள். என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். முளைத்திருந்த ரெண்டு பல்லால் என் தோளைக் கடித்தாள். இறக்கிவிட்டால் காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள். எடுத்தால் உதைக்கிறாள். அக்கா வாங்கினால் என் பக்கம் கை நீட்டுகிறாள். நான் வாங்கினால் அக்கா பக்கம் கை நீட்டுகிறாள்.

உள்ளே கொண்டுபோய் ரவிக்கையைத் தளர்த்திப் பால் கொடுக்கப் போனேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டாள். மறுபடி கொடுத்தேன். கையால் தள்ளினாள். என் மார்பைத் தள்ளிவிட்டு, அக்காவைப் பார்த்து அழுதாள்.

முற்றத்தில் நின்று துரைசானி கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. நான் சிரித்த சிரிப்பும் ஞாபகம் வந்தது.

தெருக்காரிகள் கூடிவிட்டார்கள்.

"ஏளா, பிள்ளை ஏங்கிப்போச்சு."

"வெள்ளைக்காரப் பிள்ளை வாசம் உம்மேல அடிக்கு. அதான் இது அண்டமாட்டேங்கு. முதல்ல போயி தலைக்குக் குளி."

குளித்தேன். பெற்ற காலத்தில் கட்டியிருந்த பழைய சேலையைக் கட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. சாமியாரிடம் கொண்டுபோய் நெற்றியில் எண்ணெய் பூசி வேண்டச் சொன்னேன். காயல்பட்டினத்தில் ஒரு பெரியவர் ஓதி ஊதினால் ஏக்கம் தெளியும் என்றார்கள். அங்கேயும் தூக்கிக்கொண்டு போனேன், பஸ் முழுக்க உதைத்துக்கொண்டே வந்தாள். அந்தப் பெரியவர் ஊதிவிட்டு, "தாயி, பிள்ளைக்குக் கோவம். நோய் இல்லை" என்றார். பால் ஊற அக்கா பால்சுறாப் புட்டு அவித்துக் கொடுத்தாள். பால் ஊறியது. குடிக்கத்தான் ஆள் இல்லை.

அக்கா நல்லவள். அவள் என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கவில்லை. "எடுத்துக்கோயேன்ளா, நானா பிடிச்சு வச்சிருக்கேன்? எனக்கு ஒண்ணே போதும், ரெண்டும் சேந்து என்னை உறிஞ்சுதுவ" என்று இடுப்பிலிருந்து இறக்கி என் பக்கம் தள்ளிவிடுவாள். தள்ளினால் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் மகள்.

ஒரு நாள் முற்றத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தோம். மதிலில் காக்கா ஒன்று வந்து கத்தியது. அக்காவின் தோளைப் பிடித்து நின்றுகொண்டிருந்த மகள் அப்படியே திரும்பினாள். காக்காவைப் பார்க்கவில்லை. பின்வாசலைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. பின்வாசலைப் பார்த்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

"நீ போன அன்னைலருந்து இதே கதைதான். காக்கா கத்துனா போதும், பின்வாசலைப் பாத்து அழுதுருவா" என்றாள் அக்கா, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அரிவாள்மனையில் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. பத்துப் பதினோரு மாசப் பிள்ளை. பேச்சு வரவில்லை, நடை வரவில்லை. அது கண்டுபிடித்திருக்கிறது. காக்கா வந்தால் அம்மா போவாள், அந்த வழியாகப் போவாள் என்று கண்டுபிடித்திருக்கிறது. நாங்கள் எல்லாரும் பரம்பரை பரம்பரையாகப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு இப்போதும் அதை எழுதும்போது கை கூசுகிறது.

வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து நான் பங்களாவுக்குப் போகவில்லை. ஒரு நாள் மத்தியானம் சமையல்கார அண்ணாச்சி சைக்கிளில் வந்து இறங்கினார், வேர்த்து ஊற்றிக்கொண்டு.

"ஏளா, வாறியா இல்லையான்னு அந்தம்மா கேக்காவ. வேற ஆள் பாக்கவான்னு கேக்காவ."

"அந்தப் பிள்ளை எப்படி இருக்கு?"

"அதா? நீ போன அன்னைக்கு அந்தம்மா சாயங்காலம் வரைக்கும் தரையிலேயே இருந்தாவ. நான் காப்பி கொண்டு வச்சேன், ஆறிப்போச்சு. ரெண்டாவது காப்பியும் ஆறிப்போச்சு. பிறகு அதுவா தவந்து போயி அவ பாவாடையில ஏறிக்கிடுச்சு. இப்ப எப்பவும் போலதான்."

"கதவு?"

"விளக்கு வச்சதும் சாத்தியாச்சு. அது கத்திட்டுத் தூங்குது. நான் உலை வைக்கேன்." என் மகளைப் பார்த்தார். அவள் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "இது என்னளா, ஓம் பிள்ளை உன்னையே விருந்தாளி மாதிரி பாக்கு?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் போன பிறகு குழாயில் தண்ணீர் வரும் நேரமாகிவிட்டது. குடத்தை எடுத்தேன். எடுத்ததும் எதிர்வீட்டுக்காரி பழக்கப்படி பிள்ளையை வாங்க வந்துவிட்டாள். "அந்தா பாரு..." என்று வாயெடுத்தாள்.

"காட்டாத" என்றேன்.

"என்னளா?"

"காக்காவைக் காட்டாத."

குடத்தைக் கீழே வைத்துவிட்டு மகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. சுற்றி நாலு பேர் பார்க்கிறார்கள். "அம்மா குழாயடிக்குப் போறேன். தண்ணி எடுத்துட்டு வந்துருவேன்" என்றேன். முன்வாசல் வழியாக, அவள் பார்க்கப் பார்க்கப் போனேன். அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. குழாயடியில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"பிள்ளையைக் கதற விட்டுட்டு வாறாளே, இவளுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"ரெண்டு வாரம் பங்களாவுல இருந்தாள்லா, வெள்ளைக்காரச்சி ஆயிட்டா. நாளைக்குக் கவுனு போடுவா பாரு."

வேறு நேரமாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு நான் நல்ல பதில் கொடுத்திருப்பேன். குடத்தை நிரப்பினேன். ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், அந்த வெள்ளைக்காரியிடம் நான் பாடம் படித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இப்போதும் அந்தக் கதவை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. என் மகள் இனி அந்தப் பின்வாசலைப் பார்த்து அழுவதைக் காண எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

குடத்தோடு வரும்போது அழுகை நின்றிருந்தது. முன்வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் திரும்பி அக்காவிடம் தவழ்ந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு இன்னொரு நடை சொல்லிவிட்டுப் போனேன், அழுதாள். வந்தேன், திரும்பிக்கொண்டாள். மூன்றாவது நடைக்கு எனக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. வீட்டில் இருந்த அண்டா நிரம்பிவிட்டது. ஆனாலும் போனேன்.

சாயங்காலம் விளமீன் குழம்பு வைத்தேன். முற்றத்தில் தட்டைப் போட்டுச் சோற்றைப் பிசைந்து, மீனில் முள் பார்த்து எடுத்து ஓரமாக வைத்தேன். அக்கா எதிரே உட்கார்ந்து தன் மகனுக்கு ஊட்டினாள். என் மகள் ரெண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் திரும்பிக்கொண்டதை எல்லாம் பார்த்தாயிற்று. சோற்றைச் சும்மா பிசைந்துகொண்டிருந்தேன்.

அக்கா அவளைப் பார்த்து வாயைத் திறந்து காட்டினாள், வழக்கம் போல ஊட்டுவதற்கு. அவள் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்து, அப்படியே பின்னால் நகர்ந்து நகர்ந்து வந்து, என் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முதுகு என் பக்கம், முகம் அந்தப் பக்கம்.

அக்கா என்னைப் பார்த்தாள். பேசாதே என்று கண்ணாலேயே சொன்னேன்.

அண்டாத் தண்ணீரைப் பூனை வந்து நக்கியது, அதை யாரும் விரட்டவில்லை. அப்புறம் முகத்தைத் திருப்பாமலேயே ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினாள். அவள் கேட்டது என்னிடம். அக்கா எதிரே கைநிறையச் சோற்றோடு இருக்கிறாள். இவள் கேட்டது என்னிடம்.

அந்தக் கையைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொள்ள என் உடம்பெல்லாம் பதறியது. பிடிக்கவில்லை. ஒரு துண்டு மீனை அந்த உள்ளங்கையில் வைத்தேன். கை முன்னால் போனது. வாய் அசைவது பின்னாலிருந்தே காதோரம் தெரிந்தது. பால் அவள் என்னிடம் அதற்குப் பிறகு ஒரு நாளும் குடிக்கவில்லை. அக்காவிடம்தான் குடித்து, அக்காவிடம்தான் மறந்தாள். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நேரம் எனக்கு அது பெரிதாகப் பட்டிருக்காது.

நான் அடுத்த துண்டில் முள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை மறுபடி பின்னால் வந்தது.